பவளத்தின் நிறமும் ஜேபெக் கோப்பும்

மண்டபம் கடற்கரைக்கு எதிரே இருக்கும் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் இப்படி 21 தீவுகளைச் சேர்த்துத்தான் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கடல்நீர் அதிகம் சூடானால், பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் வெளியேறிவிடும். நிறம் தருவதே அந்தப் பாசிகள்தான். அவை போனால் பவளம் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே அது நடந்தது. அதாவது, பவளத்தின் உடல்நிலையைச் சொல்வது அதன் நிறம்.

அப்படியானால் ஆய்வுக்காகக் கடலடியில் எடுக்கும் படங்களை எந்த வடிவத்தில் சேமிப்பது? "எல்லாரும் போல ஜேபெக் போதாதா?" என்று கேட்கலாம். போதாது!

1992-ல் தரநிலையான ஜேபெக், மனிதக் கண்ணின் பலவீனத்தை நம்பி உருவானது. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தை நன்றாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தில் கொஞ்சம் மந்தம். அதனால் ஜேபெக் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிற மதிப்பை வைத்துக்கொள்ளும். பிறகு படத்தை 8x8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து நுண்விவரங்களைக் கழிக்கும். கல்யாண போட்டோவுக்கு இது பிரமாதம். கோப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பவளப் படத்தில் எது முக்கியமோ, அதில்தான் ஜேபெக் முதலில் கை வைக்கிறது. போதாததற்கு, தண்ணீர் சிவப்பு நிறத்தை விழுங்கிவிடுவதால் இந்தப் படங்களின் நிறத்தைக் கணினியில் திருத்த வேண்டியிருக்கும். அப்போது ஜேபெக் விட்ட பிழையும் சேர்ந்து பெரிதாகும்.

1996-ல் வந்த பி.என்.ஜி.யின் வழி வேறு. பக்கத்துப் பிக்சல்களை வைத்து அடுத்ததை ஊகித்து, வித்தியாசத்தை மட்டும் எழுதி, திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கும். விரித்தால் ஒரு பிட்கூட மாறியிருக்காது. கோப்பு ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும் என்பதுதான் குறை. ஜேபெக் 2000 இழப்போடும் சுருக்கும், இழப்பில்லாமலும் சுருக்கும். ஆனால் அதைத் திறக்கும் மென்பொருள்கள் குறைவு.

இடம் பற்றாது என்பது பழைய கவலை. 12 மெகாபிக்சல் படம் சுருக்காமலே சுமார் 36 எம்.பி.தான். 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் அப்படி ஒரு லட்சம் படங்களுக்கு மேல் அடங்கும். பி.என்.ஜி. என்றால் இன்னும் அதிகம்.

ஜேபெக்கே வேண்டாம் என்பதல்ல. மின்னஞ்சலில் அனுப்ப, அறிக்கையில் ஒட்ட அது போதும். ஆனால் மூலப்படம் இழப்பில்லாமல் இருக்க வேண்டும். ஜேபெக்காகவே எடுத்த படத்தைப் பிறகு பி.என்.ஜி.யாக மாற்றினாலும் போன நிறம் திரும்பாது. டிஸ்க் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், 2016 கோடையின் பவளத்தை மறுபடி படம் எடுக்க முடியுமா?