இரண்டு ஊசி வேண்டாம்!

நிட்டிங் ஊசி இரண்டை ஆசையாக வாங்கி, நாலு வரிசை போட்டதும் ஒரு கண்ணி நழுவி, அதைப் பிடிப்பதற்குள் இன்னும் மூன்று நழுவி, "நமக்கும் இதற்கும் ராசியில்லை" என்று பெட்டியில் போட்டு மூடிய சகோதரிகள் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். பக்கத்தில் மாமியார் இருக்கப் போகிறார்! உங்களுக்காகத்தான் இந்த வாரம் லூம் பின்னல்.

லூம் என்றால் தறிதானே என்று காஞ்சீபுரத்தை நினைத்துக் கொள்ளாதீர்கள். இதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் வளையம், அதன் விளிம்பைச் சுற்றி வரிசையாக முளைகள், கூட ஒரு சின்னக் கொக்கி, அவ்வளவுதான் சாமான். கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக் கொண்டு போவதுதான் வேலை. திருப்பூர் பனியன் துணியும் இந்த வித்தையில் பிறந்ததே. அங்கே இயந்திரம், இங்கே உங்கள் விரல்.

முதலில் ஒரு குல்லாய் பின்னுங்கள். "நம் ஊர் வெயிலில் குல்லாயா?" என்கிறீர்களா? மார்கழிப் பனியில் வாக்கிங் கிளம்பும் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்! பெரியவர் தலைக்கு 36 முளை வளையம் சரியாக இருக்கும். கைக்குழந்தைக்கு 24 போதும். நூல் தடிமனாக இருக்கட்டும். மெல்லிசு என்றால் இரண்டு இழையாகச் சேர்த்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குல்லாய்க்குப் பதில் வெங்காயம் வாங்கும் வலைப்பைதான் மிஞ்சும்.

நூல் நுனியை வளையத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் தனி முளையில் கட்டுங்கள். பிறகு நூலை உட்புறமிருந்து வெளியே கொண்டு வந்து, முளையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உள்ளே விட்டு, அடுத்த முளைக்குப் போங்கள். ஒரு சுற்று முடிந்ததும் கண்ணிகளைக் கீழே தள்ளிவிட்டு இன்னொரு சுற்று. இப்போது ஒவ்வொரு முளையிலும் இரண்டு கண்ணிகள் இருக்கும். கொக்கியால் கீழ்க் கண்ணியைத் தூக்கி, மேல் கண்ணியையும் முளையையும் தாண்டி உட்புறம் விட்டுவிடுங்கள். கடைசியாகச் சுற்றிய முளையிலிருந்து இதைத் தொடங்கினால் நூல் அவிழாது. ஒரு வரிசை ஆயிற்று! இனி ஒரு சுற்று, ஒரு தூக்கல், இதுவே பாடம்.

இறுக்கிச் சுற்றாதீர்கள். வீட்டில் சண்டை நடந்த அன்றைக்கு வளையத்தைத் தொடாமலிருப்பதே உத்தமம். அன்று போட்ட கண்ணி கொக்கிக்கு அசையவே அசையாது.

15 சென்டிமீட்டர் வளர்ந்ததும், ஆரம்ப வரிசைக் கண்ணிகளை மேலே மடித்து அதே முளைகளில் மாட்டி, கீழ்க் கண்ணியைத் தூக்கி விடுங்கள். விளிம்பு இரட்டையாகிவிடும், சுருண்டு கொள்ளாது. மேலும் 15 சென்டிமீட்டர் பின்னிய பிறகு, வளையத்தை இரண்டு தரம் சுற்றும் அளவுக்கு நூல் விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து (ஆமாம், கடைசியில் ஒரே ஓர் ஊசி!) எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் செலுத்தி, முளையிலிருந்து கழற்றி, சுருக்கி முடிச்சுப் போடுங்கள்.

விரல் மூட்டு வலியால் பின்னலை விட்டுவிட்ட அம்மாக்கள் இதை அவசியம் முயன்று பார்க்கலாம். ஊசிகளை இறுகப் பிடிக்க வேண்டியதில்லை. வளையத்தை மேஜைமேல் வைத்துக் கொள்ளலாம். பாதியில் எழுந்து போனாலும் கண்ணி முளையிலேயே காத்திருக்கும். ஆனால் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலிக்கும். இருபது நிமிஷம் பின்னினால் சற்று ஓய்வு கொடுங்கள்.

குழந்தைக் குல்லாய்க்கு மிருதுவான பருத்தி நூலே நல்லது. பொத்தானோ குஞ்சமோ வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக் கொள்ளும். தூங்க வைக்கும்போது கழற்றி விடுங்கள்.

வளையத்துக்குக் காசு செலவழிக்குமுன் பழக வேண்டுமா? கெட்டி அட்டைக் குழாயில் நான்கு ஐஸ்கிரீம் குச்சிகளை, நுனி மேலே நீட்டிக் கொண்டிருக்கும்படி ஒட்டினால் அதுவே குட்டி லூம். இங்கிலாந்துக் குழந்தைகள் மர நூல்கட்டையில் நான்கு ஆணி அடித்து விளையாடியதும் இதுதான். நடுவிலிருந்து ஒரு பின்னல் கயிறு இறங்கிக் கொண்டே வரும். வீட்டுச் சிறுசுகள் பார்த்துவிட்டால் உங்கள் நூலுக்கு நான் பொறுப்பல்ல!