வாடகைக்கு விடப்படும்: யாருக்கு?

சென்னை கதீட்ரல் சாலையில் 1962-ல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல், நிலத்தைப் பற்றிய வழக்குக்குப் பிறகு 2008-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. காருக்குள் உட்கார்ந்து தோசை தின்ற ஞாபகங்களைப் பெரிய மனிதர்கள் எழுதித் தள்ளினார்கள். இன்றைக்கும் எழுதுகிறார்கள். நான் கேலி பேசவில்லை. சாப்பிட்ட இடம் போனால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

எனக்கும் ஒரு கடை போச்சு. எங்கம்மா நடத்தின கடை. அதற்கு ஒரு வரி ஒப்பாரிகூட எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

பெரம்பூர் பின்னி மில்லைத் தெரியாத தோழர்கள் இருக்க மாட்டார்கள். 1918-ல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கோட்டை அது. 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்புச் சேரிக் குடிசைகளைக் கொளுத்தினார்கள் என்பதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் முதல் பாதியைச் சத்தமாகவும் இரண்டாம் பாதியை மெதுவாகவும் சொல்லுவார்கள். 1996-ல் மில் மூடப்பட்டது. அதற்கு எட்டு வருஷம் முன்னாடியே மில்லுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் முன்பக்கத்தில் எங்கம்மா அடுப்பு மூட்டிவிட்டாள். காலையில் இட்லியும் கறிக்குழம்பும். மத்தியானம் மாட்டுக்கறி பிரியாணி. சாயங்காலம் சுக்காவும் போட்டியும். ஷிப்டு முடிந்து வருகிறவன், ரிக்‌ஷாக்காரன், கார்ப்பரேஷன் துப்புரவுப் பெண்கள், எல்லோருக்கும் கடன் நோட்டு உண்டு. அந்த நோட்டுதான் என்னைப் படிக்க வைத்தது.

வீட்டுக்காரர் ஆதிக்க சாதிதான். அந்தக் காலத்தில் அவருக்கு எங்கள் கறி நாறவில்லை. அந்தத் தெருவுக்கு வேறு யாரும் வாடகைக்கு வர மாட்டார்கள், அதனால் நாறவில்லை. அட்வான்ஸ் கையில் வாங்கினார். வாடகை கையில் வாங்கினார். ரசீது கேட்டால், "நம்மளுக்குள்ள எதுக்கும்மா காயிதம்?" என்பார். முப்பது வருஷம் காகிதம் இல்லாமல் ஓடியது.

மில் நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. வாயிலில் காவலாள், உள்ளே நீச்சல் குளம். தெருவில் கார் நிற்க ஆரம்பித்தது. அப்போதுதான் வீட்டுக்காரரின் மகனுக்கு மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. "ஆயா, புதுசா வர்றவங்க எல்லாம் டீசண்டானவங்க. இந்த வாசனை அவங்களுக்கு ஒத்துக்காது. சைவம்னா போடுங்க, இல்லன்னா காலி பண்ணுங்க." அம்மா கேட்டாள்: "உங்கப்பா எங்கிட்ட வாங்கின வாடகையில கறி வாசனை அடிக்கலியா சாமி?"

அடுத்த மாதம் வாடகையை வாங்க மறுத்தான். மூன்று மாதம் கழித்து, வாடகை கொடுக்கவில்லை என்று நோட்டீஸ் வந்தது. கரண்டு நின்றது.

சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. வீட்டுக்காரன் வாடகை வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பலாம், கண்ட்ரோலரிடம் கட்டலாம். நியாய வாடகையைக் கண்ட்ரோலரே நிர்ணயிப்பார். அதையும் படித்தவன்தான் பயன்படுத்தினான், அது வேறு கதை. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதையும் தூக்கிவிட்டது. இப்போது எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். வாடகை எவ்வளவு என்பது இருவரும் பேசிக்கொள்வது. பழைய வாடகைக்காரரும் உரிமையாளரும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால், அதுவே வெளியேற்றுவதற்கு ஒரு காரணம். கையெழுத்துப் போட மறுப்பவன் வீட்டுக்காரன். கையெழுத்து இல்லை என்று வெளியே போக வேண்டியவள் எங்கம்மா. இதுதான் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம்!

கடை போனதுகூடப் பெரிதில்லை. அடுத்த கடை தேடி அலைந்தோமே, அதைத்தான் எழுத வேண்டும். 'கடை வாடகைக்கு விடப்படும்' என்று போர்டு தொங்கும். போனால் முதல் கேள்வி, "என்ன கடை?" சாப்பாட்டுக் கடை என்றால், "சைவமா அசைவமா?" அசைவம் என்றால், "கோழியா, ஆடா?" அதற்கு மேல் போனால் கதவு. ஒரு இடத்தில் எல்லாம் பேசி முடித்த பிறகு, "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்று கேட்டார் ஒருவர். வயசான மனுஷர், சிரித்த முகம். அம்மா, "வெளியிலதாங்க. இப்பவும் வெளியிலதான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

இது உரிமையாளருக்கும் வாடகைக்காரருக்கும் உள்ள தகராறு, வர்க்கப் பிரச்சினை என்று சில தோழர்கள் சொல்லுகிறார்கள். வாடகைத் தகராறு வேண்டுமானால் முதலில் வாடகைக்கு இடம் கிடைக்க வேண்டும், தோழர். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917-ல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கர், பார்சி விடுதியில் பெயரை மறைத்துத்தான் தங்க முடிந்தது. தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பொதுப்பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். அவர் வாடகை பாக்கி வைத்தாரா? வர்க்கம்தான் காரணமா?

'சொத்து அவன் சொத்து, யாருக்கு விடுவது என்பது அவன் இஷ்டம்' என்பது இன்னொரு வாதம். தெருவில் போர்டு மாட்டிய பிறகு அது வியாபாரம். கடைகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் செல்வதைச் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு. அந்தக் 'கடை' என்ற சொல் சேவை தருகிற எல்லோரையும் குறிக்கும் என்று 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரே விளக்கினார். 1955-ம் வருஷச் சட்டம், வீடோ நிலமோ வாடகைக்கு விட மறுப்பதையும் புறக்கணிப்பு என்றே வரையறுத்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றம் ஆக்கியது. சட்டத்தில் ஓட்டை குறைவு. ஓட்டை இருப்பது 'வாசனை' என்ற சொல்லில். சாதி சொல்லி மறுத்தால் வழக்கு வரும். வாசனை சொல்லி மறுத்தால் வராது. தீட்டுக்கு இன்றைக்கு 'வெஜ் ஒன்லி' என்று பெயர்.

அரசாங்கத்துக்கும் அதே மூக்குதான். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடம் இல்லை. எதிர்ப்பு வந்ததும் மழை என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடுதானே என்று ஆதிதிராவிடர் ஆணையம் விளக்கம் கேட்டது. கலெக்டர் திருவிழாவிலேயே அடுப்பு வைக்க இடமில்லை என்றால், தனியார் திண்ணையில் யார் இடம் தருவான்?

ஆகவே செய்ய வேண்டியதைப் பேசுவோம். உணவைக் காரணம் காட்டி இடம் மறுப்பதைச் சாதிப் பாகுபாடு என்றே சட்டத்தில் எழுத வேண்டும். ரசீது இல்லாத பழைய வாடகைக்காரருக்கு, கரண்டு பில்லும் பக்கத்துக் கடைக்காரர் சாட்சியுமே ஆதாரமாகட்டும். மாநகராட்சி வணிக வளாகக் கடைகளில் நம் பெண்களுக்கு ஒதுக்கீடு வேண்டும், அங்கே என்ன சமைப்பது என்பது அவர்கள் முடிவு. படிக்கிற பிள்ளைகளே, சட்டம் படிக்கிறவர்களே, உங்கள் தெருவில் மூடுகிற சின்னக் கடைகளின் கணக்கை எடுங்கள். யார் மூடினது, என்ன சொல்லி மூடினது என்று தேதியோடு எழுதுங்கள். அந்த நோட்டு இல்லாமல் எந்தக் கோர்ட்டிலும் நாம் நிற்க முடியாது.

எங்கம்மா இப்போது தள்ளுவண்டியில் போடுகிறாள், அடுக்குமாடியின் பின்பக்கச் சுவர் ஓரம். உள்ளே வீட்டு வேலை செய்கிற பெண்களும் காவலாள்களும் வந்து சாப்பிடுகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் உள்ளே இருந்து சில பிள்ளைகளும் வருகிறார்கள், பார்சல் வாங்க. "கவர்ல போட்டு நல்லா கட்டிடுங்க, வாசனை வரக்கூடாது" என்கிறார்கள். அம்மா நல்லாக் கட்டித்தான் கொடுக்கிறாள். காசு எண்ணி வாங்கிக்கொள்கிறாள்.