மேப்பிள் மரம் காணாத பாணி

பத்திரிகை அலுவலகத்தின் ஆசிரிய பீடத்திற்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் முதற்பாடங்களுள் ஒன்று, செய்தியில் இல்லாதது தலைப்பில் இருக்கக்கூடாது என்பதாகும். செய்தியை முழுமையாக வாசிப்பவர்கள் சிலர். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுபவர்களே பலர். ஆகவே, தலைப்பில் ஒன்றைச் சொல்லிவிட்டு, உள்ளே உண்மையை எழுதியிருக்கிறோமே என்று சமாதானம் கூறுவதற்கு இடமில்லை. இதே அளவுகோலை வட அமெரிக்கக் கடைகளில் விற்கப்படும் 'பான்கேக் சிரப்' போத்தல்களுக்குப் பிரயோகித்துப் பார்த்தால், அவற்றுள் பல தேறமாட்டா.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் வாசகர்களுக்கு இந்தப் போத்தல்களைப் பற்றி விளக்கம் தேவையில்லை. ஏனையோருக்காகச் சில வார்த்தைகள். மேப்பிள் பாணி என்பது மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சேகரிக்கும் சாற்றைக் காய்ச்சிப் பெறப்படுவது. இரவில் உறைபனியும் பகலில் மெல்லிய வெப்பமும் மாறி மாறி வருகின்ற, குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் சில வாரங்களில் மாத்திரமே சாறு வடியும். அச்சாற்றில் சீனியின் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்குதான். ஒரு லீற்றர் பாணிக்குச் சுமார் 40 லீற்றர் சாறு தேவைப்படுகிறது. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி எடுப்பதைக் கண்டவர்களுக்கு இதிலுள்ள உழைப்பு விளங்கும். அந்த மண்ணின் முதற்குடிகளிடமிருந்து வெள்ளையர் கற்றுக்கொண்ட தொழில் இது. இன்று உலக உற்பத்தியில் பெரும்பங்கு கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்தே வருகிறது.

பான்கேக் சிரப் இதுவன்று. புகழ்பெற்ற வர்த்தகப் பெயர்களுடன் விற்கப்படும் போத்தல்களின் பின்புறத்தை வாசித்துப் பார்த்தால் சோளப்பாணி, உயர் பிரக்டோஸ் சோளப்பாணி, நீர், தடிப்பாக்குவதற்குச் செலுலோஸ் பசை, கரமெல் நிறமூட்டி, உப்பு, இயற்கை மற்றும் செயற்கைச் சுவையூட்டிகள், நற்காப்புப் பொருட்களாகச் சோடியம் பென்சோவேற்றும் சோர்பிக் அமிலமும் என்று ஒரு பட்டியல் இருக்கும். மேப்பிள் மரத்திலிருந்து வந்த துளிகூட அதில் இராது. கியூபெக் மக்கள் இதற்கு வைத்திருக்கும் பரிகாசப் பெயர் 'தந்திக்கம்பப் பாணி' என்பதாகும். மேப்பிள் மரத்திலன்றித் தந்திக்கம்பத்தில் துளையிட்டு எடுத்தது என்பது அதன் பொருள்.

சட்டத்தை இந்த வர்த்தகர்கள் மீறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மரச்சாற்றை மாத்திரம் கொண்டு காய்ச்சி, கரைந்த திண்மங்கள் நூற்றுக்கு 66 பங்குக்குக் குறையாத பாணியையே மேப்பிள் பாணி என்று அழைக்கலாம் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதி கூறுகிறது. அதனாற்றான் போலிகள் 'பான்கேக் சிரப்' என்ற பெயரைச் சூடிக்கொண்டன. சொல்லைக் கைவிட்டவர்கள் தோற்றத்தைக் கைவிடவில்லை. மேப்பிள் பாணியின் செம்பொன் நிறம், பண்ணைகளில் பயன்படும் கைபிடிச் சாடியின் வடிவம், மரக்குற்றிகளால் கட்டிய குடிசையின் படம் ஆகிய யாவும் வாய்திறவாமலே 'மேப்பிள்' என்று கூறிவிடுகின்றன. 1887 இல் சந்தைக்கு வந்த லொக் கபின் பாணி, தொடக்கத்தில் மேப்பிள் பாணியும் கரும்புப் பாணியும் சேர்ந்த கலவையாகவே இருந்தது. காலப்போக்கில் மேப்பிள் குறைந்து, இறுதியில் மறைந்தே போயிற்று. குடிசையின் படம் மட்டும் மிஞ்சியது.

மேப்பிள் இல்லாமல் மேப்பிள் வாசம் எங்கிருந்து வருகிறது? நம் சமையலறையில் இருக்கும் வெந்தயத்திலிருந்து என்றால் பலர் வியப்படைவர். வெந்தயத்திற்கும் மேப்பிள் பாணிக்கும் பொதுவான வாசனைப் பொருள் ஒன்றுண்டு. அதன் பெயர் சொட்டோலோன். 2005 ஆம் ஆண்டு முதல் நியூயோர்க் நகரில் அவ்வப்போது மேப்பிள் வாசம் வீசி மக்களைக் குழப்பியது. அயலிலுள்ள நியூ ஜேர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்தும் வாசனைப்பொருள் தொழிற்சாலையே அதற்குக் காரணம் என 2009 இல் நகர நிர்வாகம் அறிவித்தது. வெந்தயச் சாரம் போலி மேப்பிள் சுவைக்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அது தாவரத்திலிருந்து பெறப்படுவதால் 'இயற்கைச் சுவையூட்டி' என்று எழுதலாம். எழுத்தளவில் அது பொய்யன்று. ஆனால் மேப்பிள் மரத்தை மனத்தில் கொண்டு வாங்குபவர், அந்த 'இயற்கை' வெந்தய வயலைக் குறிக்கிறது என்று எவ்வாறு அறிவார்?

இந்த மயக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் முதன்மையானது அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலம். 2010 இல் 'முற்றிலும் இயற்கையானது' என்ற வாசகத்துடன் மேப்பிள் சாடியை ஒத்த சாடியில் லொக் கபின் ஒரு பாணியை வெளியிட்டது. அதில் கரமெல் நிறமூட்டி இருப்பதைச் சுட்டிக்காட்டி வெர்மொன்ட் காங்கிரஸ் உறுப்பினர் பீற்றர் வெல்ச் முறையிட்டார். நிறுவனம் நிறமூட்டியை நீக்க இணங்கியது. 2011 இல் மக்டொனால்ட்ஸ் 'பழமும் மேப்பிளும்' என்ற பெயரில் விற்ற ஓட்ஸ் கஞ்சியில் மேப்பிள் பாணி இல்லை என்று மாநில விவசாயத் துறை ஆட்சேபித்தது. வெர்மொன்டில் கேட்பவர்களுக்கு உண்மையான மேப்பிள் வழங்க அந்நிறுவனம் உடன்பட்டது. கவனிக்க வேண்டியது, வெர்மொன்டில் மட்டும் என்பதே. மாநில எல்லையைத் தாண்டியதும் அதே பெயர் போதுமானதாகிவிட்டது.

"மக்களுக்கு இது தெரியாதா? மலிவாகக் கிடைப்பதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இதில் என்ன குற்றம்?" என்று கேட்பவர்கள் உண்டு. மலிவான பாணி விற்பதை எவரும் குற்றமென்று கூறவில்லை. பல மடங்கு விலையுள்ள மேப்பிள் பாணியை எல்லாக் குடும்பங்களாலும் வாங்க முடியாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று நம் முன்னோர் சொன்னார்கள். அவர்கள் இலுப்பைப்பூவை இலுப்பைப்பூ என்றே அழைத்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது. பதிலீட்டுப் பொருளுக்கு அதற்குரிய பெயரும் அதற்குரிய முகமும் இருக்கட்டும் என்பதே நமது வாதம்.

ஆரோக்கியத்தைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் பேச வேண்டும். மேப்பிள் பாணியும் பெரும்பாலும் சீனிதான். அது மருந்தன்று. ஆனால் கரமெல் நிறமூட்டியில் நான்கு வகைகள் உள்ளன. அமோனியா சேர்த்துத் தயாரிக்கப்படும் இரு வகைகளில் 4-மெதைல் இமிடசோல் என்ற இரசாயனம் உருவாகக்கூடும். விலங்குகளில் நடத்திய ஆய்வுகளின் அடிப்படையில் 2011 இல் கலிபோர்னியா மாநிலம் இதனைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது. இதற்காக அஞ்சி ஓட வேண்டியதில்லை. எந்த வகை என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது வாங்குபவருக்கு இருக்க வேண்டாமா? அமெரிக்கப் போத்தல்களில் வகையைக் குறிப்பிடாமல் 'கரமெல் நிறம்' என்று மட்டும் எழுதினாலே போதும் என்பதுதான் நிலை.

முகப்பை மாற்றுவது இயலாத காரியம் என்று இனி எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. அடிமைக் காலத்துக் கறுப்பினப் பணிப்பெண்ணின் பிம்பத்திலிருந்து பிறந்த 'ஆன்ட் ஜெமைமா' என்ற பெயரும் படமும், எதிர்ப்பின் விளைவாக 2020 இல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டன. 2021 இல் 'பேர்ல் மில்லிங் கொம்பனி' என்ற பெயர் வந்தது. அது வரவேற்கத்தக்க மாற்றம். நூற்றாண்டு கடந்த ஒரு முகப்பை மக்களின் குரல் மாற்றியது. உள்ளே இருப்பது சோளப்பாணி என்ற உண்மை மட்டும் இன்னமும் போத்தலின் முதுகிலேயே தங்கியிருக்கிறது.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. போத்தலின் முன்புறத்தில், பெயருக்கு அருகில், பெயரின் எழுத்தளவிலேயே 'சோளப்பாணி, மேப்பிள் இல்லை' என்று அச்சிடுமாறு சட்டம் பணிக்கட்டும். கொடுங்குளிரில் மரம் மரமாக நடந்து சாறு சேகரிக்கும் விவசாயி, வெந்தய வாசமும் குடிசைப் படமும் கொண்ட ஒரு போத்தலுடன் போட்டியிடுகிறார். அவர் கேட்பது சலுகையன்று. தன் பொருளின் பெயரையும் உருவத்தையும் பிறர் இரவல் வாங்கக்கூடாது என்பதையே கேட்கிறார். 2016 இல் மேப்பிள் உற்பத்தியாளர் சங்கங்கள் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திற்கு எழுதிய கடிதத்தின் சாரமும் இதுவே.

சட்டம் வரும்வரை வாசகர்கள் தாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளைகளையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். போத்தலை எடுத்தவுடன் படத்தைப் பார்க்காமல் பின்புறம் திருப்பி வாசிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். தலைப்போடு நின்றுவிடாமல் செய்தியையும் வாசிக்கும் பழக்கம் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பயன்படும்.