'வேய்'னா வெறும் 'மச்சி' இல்ல பாஸ்!

மொபைல் ஆப்ல ஸ்பானிஷ் கத்துக்கிட்டு இருக்கீங்களா? ரெண்டு மாசத்துல 'ஓலா', 'கிராசியாஸ்' எல்லாம் சலிச்சிருக்கும். அடுத்து கெத்தா ஒரு ஸ்லாங் வேணும்னு தேடுவீங்க. மெக்சிகோ பக்கம் தேடினா சீக்கிரமே கையில மாட்டுறது 'வேய்'. அர்த்தம் 'மச்சி'ன்னு ஒரே வார்த்தையில போட்டிருப்பாங்க. அதை மட்டும் நம்பி வாயைத் திறக்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

ஸ்பானிஷ்ல 'புவேய்'னா காயடிச்ச காளை, அதாவது வண்டி இழுக்குற எருது. பேச்சுல 'புவே'ங்கிற ஒலி 'குவே'ன்னு மாறுறது அந்த மொழியில பழைய பழக்கம். தாத்தாவைக் குறிக்கிற 'அபுவேலோ', கிராமத்து வாயில 'அகுவேலோ' ஆகிடும். அதே மாதிரி 'புவேய்' 'குவேய்' ஆச்சு. வேகமாப் பேசும்போது 'கு' தேஞ்சு, நம்ம காதுல 'வேய்'னுதான் விழும். அகராதிப்படி எழுதினா 'யு' மேல ரெண்டு புள்ளி வைக்கணும். சாட்ல புள்ளிக்கு எவன் அலைவான்? டபிள்யூ, இ, ஒய். முடிஞ்சுது.

எருது மாதிரி மந்தமானவன், முட்டாள்னு திட்டுற வார்த்தையாதான் மனுஷங்க மேல இது வந்து ஒட்டிக்கிச்சு. நண்பர்கள் மாத்தி மாத்தித் திட்டிக்கிட்டதுல கூர் மழுங்கி 'டேய்', 'மச்சி' அளவுக்கு இறங்கிடுச்சு. நாம ஃப்ரெண்டை 'எருமை'ன்னு கூப்பிடுறோமே, அதே ரூட். ஆனா பழைய அர்த்தம் சாகல. சிக்கலே அங்கதான்.

'கே வேய்!'னு ஒருத்தரைப் பார்த்துச் சொன்னா, 'சரியான முட்டாள்!'. 'எசே வேய்'னா 'அந்த ஆளு'. குரலைப் பொறுத்து சாதாரணமாவும் இருக்கும், கேவலமாவும் இருக்கும். 'அய், வேய்!'ல ஆளே கிடையாது, வெறும் 'ஐயய்யோ!'தான். எனக்கு ரொம்பப் பிடிச்சது 'அசேர்சே வேய்': ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கிறது. கொடுத்த கடனைக் கேட்டதும் திடீர்னு போனை நோண்டுவான் பாருங்க, அவனுக்கு 'நோ தே ஆகாஸ் வேய்'. இந்த நாலுலயும் 'மச்சி'ன்னு போட்டுப் பாருங்க, ஒண்ணும் உருப்படாது.

"அப்போ ஸ்லாங்கே வேண்டாம், இலக்கணத்தைப் படி"ன்னு சிலர் சொல்லுவாங்க. அதையும் நான் ஒத்துக்க மாட்டேன். அல்ஃபோன்சோ குவாரோன் 2001ல எடுத்த 'இ து மமா தம்பியேன்' படத்துல ரெண்டு பசங்க பேசுறதைக் கேளுங்க. மூச்சுக்கு மூச்சு இந்த வார்த்தைதான். இது புரியாம மெக்சிகோ இளைஞர்கள் பேச்சைப் பின்தொடரவே முடியாது. இன்னைக்கு அங்க பொண்ணுங்களும் தங்களுக்குள்ள இப்படித்தான் கூப்பிட்டுக்கிறாங்க.

அதனால காதுக்கு இப்பவே பழக்குங்க, வாய்க்குக் கொஞ்ச நாள் பூட்டு போடுங்க. நாளைக்கு வேலைக்குப் போய் மெக்சிகோ கிளையன்ட்கிட்ட பேசுற நிலைமை வரலாம். ஸ்பானிஷ்லயும் 'தூ'ன்னா நீ, 'உஸ்தெத்'னா நீங்க. 'உஸ்தெத்' போட்டுப் பேச வேண்டியவர்கிட்ட 'வேய்'னு நீட்டினா, 'சார், சொல்லுங்க மச்சி'ங்கிற கதைதான்.

இன்னொண்ணு, இது மெக்சிகோ சரக்கு. 'மணி ஹெய்ஸ்ட்' பார்த்து ஸ்பானிஷ் பழகினவங்க காதுல விழுந்தது 'தீயோ'வா இருக்கும். நேர் அர்த்தம் மாமா, சித்தப்பா. ஸ்பெயின்ல அதுதான் 'மச்சி'. (உறவுமுறையை நட்புக்கு இழுக்குறது நம்ம காப்புரிமைன்னு நினைச்சிருந்தீங்களா?) அர்ஜென்டினாவுல 'போலூதோ'. அதுவும் முட்டாள்ல இருந்து நண்பனா மாறின வார்த்தைதான்.

சரி, எப்போதான் சொல்லலாம்? ஒரு மெக்சிகோ ஃப்ரெண்ட் முதல்ல உங்களை 'வேய்'னு கூப்பிடட்டும். கூப்பிட்டதும் குதிச்சிடாதீங்க, உங்களை நண்பன்னு சொன்னானா, எருதுன்னு சொன்னானான்னு முகத்தை ஒரு தடவை பார்த்துக்கோங்க.