இரண்டு துறவிகளும் ஒரு காம்பிராவும்

சண்டைக்கென்றே பிறந்த ஒரு கணினி விளையாட்டின் வீரர்களைக் களத்திலிருந்து இறக்கிக் காடு மேடெல்லாம் நடக்கவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் கெட்டுப்போகும். ‘மோர்ட்டல் கொம்பாட்’ விடயத்தில் இரண்டு முறை அப்படித்தான் ஆனது. மூன்றாம் முறை, 2005 செப்டெம்பரில் வெளிவந்த ‘ஷாவோலின் மொங்க்ஸ்’ தேறியது. தோட்டச் சம்பளத்தையும் தேர்தலையும் எழுதிப் பழகிய கைக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பதுளை மாவட்டத்து லயங்களில் வளர்ந்த பையன்களில் பலருக்கு இந்த விளையாட்டு நன்றாகத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததைப் பற்றி எழுதுவதும் பத்திரிகைக்காரனின் வேலைதான்.

முதல் மோர்ட்டல் கொம்பாட் 1992இல் வந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் விழும்வரை சண்டை. கதை என்பது பின்னணித் திரையோடு சரி. 1997இல் சப்-ஸீரோ என்ற பாத்திரத்தைத் தனியே எடுத்து ஒரு சாகச விளையாட்டுச் செய்தார்கள். அதில் வீரன் பின்பக்கம் திரும்புவதற்கென்றே தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். முதுகுக்குப் பின்னால் எதிரி நிற்கையில் பொத்தானைத் தேடும் வீரனை எந்தக் கூத்திலும் கண்டதில்லை! 2000இல் ஜாக்ஸ் என்ற இராணுவ வீரனை வைத்து வந்த ‘ஸ்பெஷல் ஃபோர்ஸஸ்’ அதைவிட மோசம். அதன் தயாரிப்பு முடிவதற்குள்ளேயே மூலப் படைப்பாளர் இருவரில் ஒருவரான ஜோன் டோபியஸ் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார்.

பெரிய போரிலிருந்து சிறுகதையைப் பிரித்தெடுக்கும் வித்தை நம்மவர்களுக்குப் புதிதல்ல. மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் அருச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதப் போர் முழுவதையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே ஒருவனின் பயணத்தையும் தவத்தையும் மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் அருச்சுனனின் வில்லை அது பிடுங்கிவிடுவதில்லை. பன்றிக்காக வேடனோடு மோதும் இடத்தில் களத்துச் சண்டையின் சூடு அப்படியே இருக்கும். முன்னைய இரண்டு விளையாட்டுகளும் வீரனைப் பயணம் அனுப்பிவிட்டு வில்லைப் பிடுங்கிக்கொண்டவை.

ஷாவோலின் மொங்க்ஸ் அந்தத் தவறைச் செய்யவில்லை. லியு காங், குங் லாவோ என்ற இரண்டு துறவிகள், முதற்போட்டி முடிந்த கையோடு புறப்பட்டு, இரண்டாம் பாகத்தின் கதைவழியே நடக்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து எதிரி வந்தாலும் அந்தத் திசைக்கு விசையைச் சாய்த்தால் அடி விழும். ஒருவனை மேலே எறிந்து, அவன் நிலத்தைத் தொடுமுன் நாலு அடி அடித்து, அடுத்தவன்மேல் வீசலாம். பழைய விளையாட்டில் வெறும் திரைச்சீலையாக இருந்த உயிருள்ள காட்டின் மரங்கள் இங்கே வாயைத் திறந்து, எறியப்பட்டவனை விழுங்குகின்றன.

ஆனால் இதன் உண்மையான பலம் வேறு. இது இருவர் சேர்ந்து விளையாடச் செய்யப்பட்டது. அதுவும் ஒரே தொலைக்காட்சியின் முன்னால். இருவர் இருந்தால் மட்டுமே எட்டக்கூடிய மறைவிடங்கள் அதில் உண்டு. பசறைப் பக்கத் தோட்டமொன்றில், மத்திய கிழக்கிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ஒரு பிளேஸ்டேஷன் 2ஐச் சுற்றி அந்த லயத்துப் பையன்கள் அத்தனை பேரும் ஒரு காம்பிராவுக்குள் குந்தியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கையில் பிடிப்பது இரண்டு பேர். பின்னால் இருந்த எட்டுப் பேரும் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். “அண்ணே, இடப்பக்கம் பாருங்க!” என்று கத்தியவனுக்குப் பத்து வயதுகூட இராது. ஆங்கிலக் கதைக் காட்சிகளை ஒருவரும் கேட்கவில்லை, தாண்டிப் போனார்கள். கதையைத் தங்களுக்குள்ளேயே, தமிழில், அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அவர்கள் தாண்டிப் போனதில் நட்டம் அதிகமில்லை, ஏனென்றால் கதைதான் இதன் பெரிய ஓட்டை. கிட்டானா, மிலீனா, ஜேட் மூவரும் மூல வரிசையில் ஆளுக்கொரு வரலாறு உடையவர்கள். இங்கே மூவரையும் ஒன்றாகக் கட்டி, வெட்டித்தள்ள வேண்டிய ஒரே தடையாக நிறுத்திவிட்டார்கள். துறவிகள் இருவரும் ஒருவர் வாயால் மற்றவர் பேசினாலும் வேறுபாடு தெரியாது.

வந்த வழியே திரும்பத் திரும்ப நடக்க வைப்பது இன்னொரு குறை. தெமோதரையில் ரயில் வளைந்து சுற்றித் தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறது. செங்குத்தான மலையில் இறங்க அதற்கு வேறு வழி இல்லை. இந்த விளையாட்டில் சில இடங்களில் அப்படி ஒரு காரணம் உண்டு: சுவரேறக் கற்ற பிறகு பழைய சுவரொன்று வழிவிடும். மற்ற இடங்களில் விளையாட்டு நீளமாகத் தோன்ற வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணத்தைக் காணவில்லை. அப்படி நீட்டியும் வார இறுதிக்குள் முடிந்துவிடுகிறது.

இரத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முதல் விளையாட்டின் கொடூரமும் சேர்ந்துதான் 1993இல் அமெரிக்கச் செனட் சபையில் விசாரணையைக் கிளப்பி, 1994இல் வயது முத்திரை முறையைக் கொண்டுவந்தது. ஷாவோலின் மொங்க்ஸும் வளர்ந்தோருக்கு என்றே முத்திரை குத்தப்பட்டது. நான் பார்த்த இறுவட்டோ பிளாஸ்டிக் உறையில், பேனாவால் பெயர் எழுதப்பட்ட நகல். முத்திரை பெட்டியோடு போய்விட்டது. பத்து வயதுக்காரனின் கையில் அது சேர்ந்ததற்கு விளையாட்டைச் செய்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். விற்றவரையும், விசாரிக்காமல் இருந்த பெரியவர்களான எங்களையும் சொல்வேன். ஆனாலும் அந்தக் காம்பிராவில் நான் கண்டது வெறியல்ல, கூட்டாளியைக் காப்பாற்றும் பதற்றம்.

இப்போது அதே லயங்களில் கைக்கொரு தொலைபேசி. நால்வர் ஓரணியாகச் சேர்ந்து சுடும் விளையாட்டுகள் அவற்றில் உண்டு. அணி எங்கெங்கோ இருக்கிறது, பையன் சமிக்ஞை கிடைக்கும் மேட்டில் தனியே குந்தியிருக்கிறான். முடிந்த டேட்டாவுக்கு யாரும் பின்னாலிருந்து குரல் கொடுக்க மாட்டார்கள்.

ஷாவோலின் மொங்க்ஸின் அடுத்த பாகமாகத் திட்டமிடப்பட்ட ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ கைவிடப்பட்டது. தயாரித்த மிட்வே நிறுவனம் 2009இல் வங்குரோத்தாகி, உரிமை வார்னர் நிறுவனத்திடம் போனது. 2025இல் மோர்ட்டல் கொம்பாட்டின் பழைய விளையாட்டுகளைத் திரட்டி ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். பொத்தானைத் தேடும் சப்-ஸீரோவும் அதில் இருக்கிறான், ஜாக்ஸும் இருக்கிறான். இரண்டு துறவிகளுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.