வாரண்டியைத் தனியாக விற்காதீர்கள்

30,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால், ஒரே ஆளிடமிருந்து இரண்டு பேச்சுகளைக் கேட்கலாம். பொருளைக் காட்டும்போது ஒன்று: "சார், இதுல ஒரு கம்ப்ளெயின்ட்டும் வராது. கண்ணை மூடிட்டு எடுங்க." பில் போடும்போது இன்னொன்று: "சார், கம்பெனி வாரண்டி ஒரு வருஷம்தான். அதுக்கப்புறம் போர்டு போச்சுன்னா ஏழாயிரம், எட்டாயிரம் ஆகும். 3,500 கட்டிட்டா இன்னும் மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல." பழுதே ஆகாத பொருள் பத்தே நிமிடத்தில் எப்போது வேண்டுமானாலும் பழுதாகிற பொருளாக மாறிவிடுகிறது. விற்பனையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதக் கடைசியில் எத்தனை வாரண்டி தள்ளினாய் என்று அவரையும் ஒருவர் கேட்பார்.

வீட்டுச் சாதனங்களுக்கான கூடுதல் வாரண்டி பெரும்பாலான குடும்பங்களுக்கு நஷ்டக் கணக்கு. அதைவிட மோசம், தயாரிப்பாளர் சுமக்க வேண்டிய பொறுப்பை நமக்கே விலை போட்டு விற்பது. இதுதான் என் வாதம்.

முதலில் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குச் சராசரியாக 6,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 3,500 ரூபாய் கட்டியவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் போட்ட காசு திரும்ப வேண்டுமானால், 100 ஃப்ரிட்ஜில் 58 இரண்டாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் இடையில் கெட்டுப்போக வேண்டும். அப்படிக் கெட்டுப்போகும் மாடல் என்றால் வாரண்டியை விடுங்கள், அந்த ஃப்ரிட்ஜையே வாங்கக் கூடாது. அப்படிக் கெடாது என்றால் நம் பணம் எங்கே போகிறது? 3,500-இல் சுமார் 530 ரூபாய் 18 சதவீத ஜிஎஸ்டிக்குப் போய்விடும். மிச்சத்தில் கடையின் கமிஷன், ஊழியரின் ஊக்கத்தொகை, கால் சென்டர் செலவு, நிறுவனத்தின் லாபம். இவையெல்லாம் போக எஞ்சுவதுதான் ரிப்பேருக்கு.

பொறியியல் படித்தவர்களுக்குக் 'குளியல் தொட்டி வளைவு' நினைவிருக்கும். ஒரு சாதனம் பழுதாகும் வாய்ப்பைக் காலத்துக்கு எதிராக வரைந்தால் குளியல் தொட்டியின் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும். தயாரிப்புக் கோளாறுகள் ஆரம்ப மாதங்களிலேயே தலைகாட்டிவிடும். அதனால் தொடக்கத்தில் உயரம். பிறகு சில வருடங்கள் தாழ்ந்த சமவெளி. பாகங்கள் தேயத் தொடங்கியதும் மறுபடி ஏற்றம். முதல் உயரத்தைக் கம்பெனி வாரண்டி கவனித்துக்கொள்கிறது. கடைசி ஏற்றம் பல சாதனங்களில் கூடுதல் வாரண்டி முடிந்த பிறகே வருகிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது நடுவிலிருக்கும் சமவெளியை. எட்டாவது வருடத்துக்கு இதே விலையில் வாரண்டி கேட்டுப் பாருங்கள், யாரும் தரமாட்டார்கள். அவர்களுக்கும் இந்த வளைவு தெரியும்.

இன்னொன்று, ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் விலை கூடிய பாகம் கம்ப்ரசர். அதற்குப் பல கம்பெனிகள் தாமாகவே 10 வருட வாரண்டி தருகின்றன. வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் அப்படித்தான். ஏற்கெனவே கையில் இருப்பதையும் சேர்த்துத்தான் 'முழுப் பாதுகாப்பு' என்று விற்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் வாங்குகிறோம்? 1979-இல் கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மிகச் சிறிய வாய்ப்புகளுக்கு நம் மனம் அளவுக்கு மீறிய எடை கொடுக்கிறது என்றது. 2010-இல் ஜஸ்டின் சிட்னர் என்ற பொருளியலாளர் அமெரிக்க வீட்டுக் காப்பீட்டுத் தரவுகளை ஆராய்ந்தார். இழப்பு நேர்ந்தால் தாம் ஏற்க வேண்டிய முதல் தொகையை 1,000 டாலரிலிருந்து 500 ஆகக் குறைக்க மக்கள் ஆண்டுக்குச் சுமார் 100 டாலர் கூடுதலாகக் கட்டிவந்தார்கள். இழப்பீடு கோருகிறவர்களோ நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதாவது 25 டாலர்கூடப் பெறாத பாதுகாப்புக்கு 100 டாலர். சின்ன நஷ்டத்தைக் கண்டு பயப்படுவது மனித சுபாவம். அந்த பயத்துக்கு பில் போடுவது வியாபாரம்.

திருச்சியில் என் அத்தை வாஷிங் மெஷின் வாங்கியபோது கூடப் போயிருந்தேன். வாரண்டியையும் தவணையில் சேர்த்துவிட்டார்கள்; 18 மாதத்துக்கு மாதம் 195 ரூபாய் கூடுதல்.

"மாசம் எரநூறு ரூபாதானேடா, போனா போவுது" என்றார் அத்தை.

"மெடிக்கல் இன்சூரன்ஸ் புதுப்பிச்சீங்களா அத்தை?"

"அது எதுக்குடா தண்டமா? நல்லாத்தானே இருக்கேன்."

அத்தை மட்டுமல்ல, நம்மில் பலரும் இப்படித்தான். காப்பீடு என்பது நம்மால் தாங்கவே முடியாத இழப்புக்கானது. நான்கு லட்ச ரூபாய் ஆஸ்பத்திரி பில், சம்பாதிக்கிறவரின் மரணம், தீ விபத்து. வாஷிங் மெஷின் போர்டு அந்த வரிசையில் வராது. மெஷினுக்கு நான்கு வருடப் பாதுகாப்பு, அதில் துவைக்கிறவருக்கு ஒன்றுமில்லை. காரணம் எளிது: மெஷின் வாங்கும்போது எதிரில் நின்று பயமுறுத்த ஓர் ஆள் இருக்கிறார்.

"எல்லோருக்கும் உன்னைப் போல கையில் காசு இருக்காது. திடீரென்று ஏழாயிரம் ரூபாய்க்கு எங்கே போவார்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கு போன் என்பது சாதனமல்ல, பிழைப்பு. திரை உடைந்தால் அன்றைய வருமானம் போச்சு. அவர் தன் போனுக்குப் பாதுகாப்புத் திட்டம் எடுத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஆனால் கையில் காசில்லாதவருக்கு இந்தத் திட்டங்கள் உண்மையிலேயே கைகொடுக்கின்றனவா? நான் படித்துப் பார்த்த சில ஒப்பந்தங்களில் விலக்குப் பட்டியல்தான் நீளம். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வந்த பழுது சேராது. எலி கடித்த ஒயர் சேராது. துரு, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் சேராது. தெரு முனை மெக்கானிக் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் எதுவுமே சேராது. சரிசெய்ய முடியாவிட்டால் தேய்மானம் கழித்து மிச்சம் தருவார்கள். நம் ஊரில் ஃப்ரிட்ஜ் வேறு எப்படித்தான் கெடும்? அசல் பில்லைப் பத்திரப்படுத்தி, டோல் ஃப்ரீ எண்ணில் அரை மணி நேரம் காத்திருந்து, விதியைக் காட்டி வாதாட நேரமும் மொழியும் உள்ளவரால்தான் இதில் காசு வாங்க முடியும். யாருக்கு உண்மையில் தேவையோ அவருக்குத்தான் இது கிடைப்பது கடினம்.

அவருக்கும் நான் சொல்வது பழைய வழிதான். கடுகு டப்பாவில் காசு சேர்த்த பாட்டிகளின் வழி. ஃப்ரிட்ஜ், டிவி, ஏசி, வாஷிங் மெஷின் ஒவ்வொன்றுக்கும் கேட்கும் வாரண்டித் தொகையை ஓர் ஆர்.டி.யில் போட்டு வாருங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். எது கெட்டாலும் அந்தப் பணம் உதவும். எலி கடித்தாலும் உதவும். எதுவும் கெடாவிட்டால் பணம் உங்களுடையது.

இது தனிமனிதருக்கான யோசனை. பிரச்சினையின் வேர் சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை முதலே, புதிய நுகர்பொருள்களுக்குக் குறைந்தது இரண்டு வருடச் சட்டப் பொறுப்பு உண்டு. விற்றவர் அதற்குத் தனிக் காசு கேட்க முடியாது. பிரிட்டனில் கூடுதல் வாரண்டி வியாபாரத்தை விசாரித்து, 2005-இல் தனி ஆணையே போட்டார்கள்: வாரண்டியின் விலையைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும், 45 நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

நம்மிடம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற உதவி எண் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமின்றிப் புகார் தரலாம். எல்லாம் நல்லதே. ஆனால் ஒரு ஃப்ரிட்ஜ் குறைந்தது இத்தனை வருடம் உழைக்க வேண்டும், இல்லையேல் தயாரித்தவர் பொறுப்பு என்று வருடக் கணக்கைச் சொல்லும் விதி இல்லை. வாரண்டி எத்தனை வருடம் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். அவர் ஒரு வருடத்தோடு நிறுத்திக்கொண்டதால்தான் மீதி வருடங்களுக்கு ஒரு சந்தை உருவாகிறது.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். பெரிய வீட்டுச் சாதனங்கள் அனைத்துக்கும், எல்லாப் பாகங்களையும் சேர்த்து, மூன்று வருடத் தயாரிப்பாளர் வாரண்டி கட்டாயம். கூடுதல் வாரண்டி விற்பதானால் தனி பில், தனிக் கையெழுத்து. தவணைக்குள் சத்தமில்லாமல் நுழைக்கக் கூடாது. யோசித்துத் திருப்பித் தர 45 நாள் அவகாசம். விலை கொஞ்சம் ஏறும் என்பார்கள். ஏறட்டும். அப்போது மோசமாகத் தயாரிப்பவருக்குத்தான் அதிகம் ஏறும். நல்ல பொருள் எது என்பது விலையிலேயே தெரிந்துவிடும். இன்று மோசமாகத் தயாரிப்பவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மூன்றாம் வருடச் செலவு அவருடையதல்ல, நம்முடையது.

சட்டம் வரும்வரை பில் கவுன்டரில் ஒரு கேள்வி போதும்: "ஒரு கம்ப்ளெயின்ட்டும் வராதுன்னு சொன்னீங்களே, அதை எழுதிக் கொடுங்க."