பிரதான வீதியும் எமது வேலைத்தலமே

நகரத்தில் வீதியைக் கடக்கப் பாதசாரிக் கடவை இருக்கிறது. சந்தியில் பொலிஸ்காரர் நிற்கிறார். தோட்டத்தில் எமக்கு எது இருக்கிறது?

அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ-7 வீதியும், பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளை செல்லும் ஏ-5 வீதியும் தேயிலை மலைகளை ஊடறுத்தே செல்கின்றன. லயம் வீதிக்கு மேலே, மலை வீதிக்குக் கீழே. காலையில் பிரட்டுக்கும், பிறகு மலைக்கும், கொழுந்து நிறுக்கவும், மாலையில் வீட்டுக்கும் என்று ஒரு நாளில் பல தடவை அதே வீதியைக் கடக்கிறோம். எமது பிள்ளைகளும் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

விபத்து நடந்தால் "கவனமில்லாமல் பாய்ந்தார்கள்" என்று பழி எம்மீதே விழுகிறது. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடும். வீதியைக் கடக்க எமக்கு ஆறு செக்கன் வேண்டுமென்றால், அதற்குள் அது 80 மீற்றருக்கு மேல் வந்துவிடும். எமது வளைவுகளில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதா? முதுகில் கொழுந்துச் சுமை, இடுப்பில் படங்கு, மழைக்குத் தலையில் போட்ட கம்பளி, போதாததற்குப் பனிமூட்டம். இந்நிலையில் கவனம் மட்டும் உயிரைக் காக்காது.

ஆகவே நாம் கேட்பது இவைதான். மலைப் பாதை வீதியில் ஏறும் இடங்களை வீதி அபிவிருத்தி அதிகார சபை அடையாளம் கண்டு, எச்சரிக்கைப் பலகையும் கடவையும் அமைக்க வேண்டும். வளைவை மறைக்கும் புல்லையும் கிளைகளையும் வெட்ட வேண்டும். பார்வை மறையும் இடத்தில் பாதை இறங்கினால், நிர்வாகம் அதை நேரான இடத்துக்கு மாற்றித் தர வேண்டும்.

இன்னொன்றையும் எமது மக்கள் அறிந்திருக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளுக்கும் அதன்படி நட்டஈடு கோரலாம். "அது ரோட்டில் நடந்தது, தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள், வைத்தியத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், தோட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், சங்கத்திடமும் உடனே சொல்லுங்கள்.

அதுவரை எம்மால் இயன்றதை நாமே செய்வோம். வளைவில் கடக்காமல், சிறிது தூரம் நடந்தாலும் இரு பக்கமும் தெரியும் இடத்தில் கடப்போம். கம்பளியை விலக்கி முதலில் வலப்பக்கம், பின் இடப்பக்கம், மீண்டும் வலப்பக்கம் பார்ப்போம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதன் முன்னாலோ பின்னாலோ ஓடாமல், பஸ் போகும்வரை நிற்போம். வீதியோரம் நடக்கும்போது எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடப்போம். சிறுவர்களின் கையை விடாதிருப்போம்.

ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் தமது பிரிவில் ஆபத்தான கடக்கும் இடங்களை எழுதி எமக்கு அனுப்பி வையுங்கள். ஓர் உயிர் போன பின் வீதியை மறித்துப் போராடுவதைவிட, போகுமுன் கடிதத்தோடு போய் நிற்பதே மேல்.